ஒரு கரண்டி யூரியா

யப்பான்
14.01.2009

அன்புள்ள அம்மா,

பொங்கல் நாளில் உங்களைக் கும்பிட்டு எழுதுகிறேன். கால் வீக்கம் வற்றிவிட்டதா? எனக்குக் குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை.

"அங்க என்னத்த மகள் செய்றாய்?" என்று போனில் கேட்டீர்கள். கரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரையும் வயலுக்கு எறிகிற யூரியாவையும் கலந்து, காற்றுப் படாமல் உலையில் சுடுகிறேன். போரோன் நைத்திரைட்டு என்ற வெள்ளைத் தூள் வரும். கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஏடுகள். ஆனால் அடுப்பில் போட்டாலும் எரியாது.

நேற்று ஒரு பகிடி. யூரியாப் போத்தலை எடுத்ததும், "இதற்கு யாரிடம் அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டும்?" என்று பேராசிரியரிடம் கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "கரண்டியால் அள்ளு" என்றார்.

அள்ளும்போது கொஞ்சம் கொட்டிவிட்டது. நம்முடைய வட்டை வயலுக்கு ஒரு பை யூரியா கொண்டுபோனதற்குத்தானே, குண்டு செய்யவென்று சொல்லி, கடிதம் இல்லையென்று ஆமிக்காரர் தம்பி கோகுலனைப் பிடித்தார்கள்? அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு வயலை அவன்தானே பார்த்தான். "விசாரிச்சிட்டு விடுவம்" என்றவர்கள் பிறகு ஒன்றும் சொல்லவில்லையா? தம்பியின் கதையைச் சொன்னதும், அவனை விடச்சொல்லிப் பேராசிரியர் கடிதம் எழுதித் தருகிறாராம். யாருக்கு எழுதுவதென்று கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை அம்மா.

கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்புவீர்களா? வேண்டாம், பார்சலோடு தபாற்கந்தோருக்கு அந்த ஆமிக் காம்பைத் தாண்டித்தான் போகவேண்டும்.

உலை சூடாகிவிட்டது, போகிறேன். தம்பி வந்தால் உடனே போனில் கோல் எடுங்கள். வேறு செய்தி என்றால் கடிதம் போடுங்கள். அது வந்துசேர நாளாகும்.

உங்கள் மகள்
தர்மினி