மேல்வயலின் மடை

வலங்கைமான்
12.7.2023

அன்புள்ள அகிலாவுக்கு,

காளியம்மாள் எழுதுவது. இங்கு நலம். நீயும் வீட்டுக்காரரும் பேத்தியும் நலமா? போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று பயந்துதான் காகிதத்தில் எழுதி, வாட்ஸப்பில் படம் பிடித்து அனுப்புகிறேன். ஆசிரியர் பயிற்சி விடுதியில் ஒரே அறையில் இருந்து என் கத்தலைப் போதுமான அளவு கேட்டவள் நீ.

உன் வயலைப் பார்த்துக்கொள்ளும் பஞ்சநதம் அதைக் காயப்போட்டிருக்கிறார். உன் நிலம், உன் இஷ்டம். ஆனால் ஆற்றில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். நம் முறை வந்தது, போனது. வாய்க்காலிலிருந்து உன் வயலுக்குத் தண்ணீர் விடும் வாய்மடையை அவர் திறக்கவே இல்லை. என் வயலுக்குத் தனி வாய்க்கால் கிடையாது. உன் வயலில் பாய்ந்துதான் எனக்குத் தண்ணீர் இறங்க வேண்டும். இது உனக்குத் தெரியாததா? நட்ட குறுவை இன்னும் சரியாக வேர்கூடப் பிடிக்கவில்லை. அதற்குள் மண் வெடிக்கிறது.

போய்க் கேட்டேன். "நான் என்ன டீச்சர் செய்யறது? அகிலாம்மா கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. தண்ணி மட்டம் பாக்க வயல்ல குழாய் நட்டு வச்சிருக்கு. போட்டோ எடுத்து அனுப்பணும். தண்ணி தெரிஞ்சா ஒத்துக்க மாட்டாங்க" என்கிறார். அடுத்த முறைக்காவது திறக்கச் சொல்.

உன்,
காளி

மெல்போர்ன்
15.7.2023

அடி காளி,

காகிதத்திலும் கத்தத்தான் செய்கிறாய். உன் குரல் கேட்ட சந்தோஷத்தில் இரண்டு தடவை படித்தேன்.

இங்கே காடு பற்றி எரிந்த வருஷம் பேத்தி மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊரெல்லாம் புகை. நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். நெல்வயலில் தண்ணீர் தேங்கியே நின்றால் மீத்தேன் கிளம்புகிறது. கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்குவது அது. நடுநடுவே காயவிட்டுப் பாய்ச்சினால் பெருமளவு குறையும், விளைச்சலும் குறையாது என்கிறார்கள். அப்படிக் குறையும் வாயுவைக் கணக்கெடுத்துக் கார்பன் கிரெடிட்டாக விற்கும் கம்பெனியில்தான் வயலைப் பதிந்திருக்கிறேன். வகுப்பில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நீதானே? எனக்கு மிச்சமாகும் தண்ணீரும் உங்களுக்குத்தானே வரும்? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளடி.

அன்புடன்,
அகிலா

வலங்கைமான்
19.7.2023

அகிலா,

உனக்கு மிச்சமாகும் தண்ணீர் உன் மடையைத் தாண்டி, வாய்க்காலோடு அடுத்த ஊருக்குப் போகிறது. எனக்கு ஒரு சொட்டு வராது. என் வயல் வாய்க்கால் ஓரத்தில் இல்லை, உன் வயலுக்குப் பின்னால் இருக்கிறது.

ஏன் அப்படி என்று யோசித்திருக்கிறாயா? நில உச்சவரம்பில் உன் அப்பா நிலம் விட வேண்டி வந்தபோது, வாய்க்கால் ஓரத்தை வைத்துக்கொண்டு உள்ளே கிடந்த மூன்று மாவை, அந்த ஒரு ஏக்கரை, உபரி என்று காட்டினார். அதுதான் சர்க்கார் வழியாக என் அப்பா ஐயாவு பெயருக்கு வந்தது. நிலம் எங்களுக்கு, தண்ணீர் உங்கள் கையில். ஐம்பது வருஷமாக உங்கள் மடைக்கு முன்னால் போய் நின்றுதான் பயிர் செய்கிறோம். உன் அப்பாகூட முனகிக்கொண்டாவது திறந்துவிட்டார். பூமியைக் காப்பாற்றக் கிளம்பிய நீ திறக்கவில்லை!

மீத்தேன் பொய் என்று நான் சொல்லவில்லை. கஜா புயலில் ஓடு பறந்தது என் வீட்டில். பூமி சூடானது நாங்கள் காரிலும் விமானத்திலும் போனதாலா? காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிர் செய்ய நானும் தயார். ஆனால் காயவிடுவதற்கும் முதலில் தண்ணீர் பாய வேண்டாமா?

கேட்பது ஒன்றுதான். உன் தெற்கு வரப்போரம் இரண்டு முழ அகலத்தில் எனக்கொரு வாய்க்கால். கையெழுத்துப் போட்டு அனுப்பு, வெட்டுகிற செலவு என்னுடையது. அப்புறம் உன் வயலை எப்படி வேண்டுமானாலும் காயப்போடு, நான் வாயே திறக்க மாட்டேன்.

காளி

மெல்போர்ன்
5.8.2023

அன்புள்ள காளி,

தாமதத்துக்குக் கோபிக்காதே. கம்பெனியில் கேட்டேன். வாய்க்கால் வெட்டினால் பரப்பு மாறுமாம், மறுபடி அளந்து முதலிலிருந்து பதிய வேண்டுமாம். என் தம்பி துரைக்கண்ணுவோ, "ஒரு தடவை வழி விட்டா பாத்தியதை ஆயிடும்க்கா" என்கிறான்.

இந்த வருஷம் உன் விளைச்சல் போனால் நஷ்டத்தை நான் தருகிறேன். இன்னொன்றும் சொல்வேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உனக்கும் வயதாகிறது, பிள்ளைகள் சென்னையில். அந்த மூன்று மாவை எங்களுக்கே கொடுத்துவிடேன். நல்ல விலை தருகிறேன். இரண்டு வயலும் ஒன்றாகிவிட்டால் நமக்குள் தண்ணீர்ச் சண்டையே இருக்காது.

அன்புடன்,
அகிலா

வலங்கைமான்
10.8.2023

அகிலாண்டத்துக்கு,

பஞ்சநதம் சொல்வதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். நடுவில் பெய்த ஒரு மழையில்தான் என் பயிர் உயிரோடு கிடந்தது. இப்போது கதிர் உருவாகும் நேரம். நேற்று முறைத் தண்ணீர் வந்தது. பட்டப்பகலில், ஊர் பார்க்க, மண்வெட்டியோடு போய் உன் வாய்மடையை வெட்டித் திறந்தேன். கீழ் வரப்பையும் வெட்டினேன். குழாயைத் தொடவில்லை. உன் வயலில் ஏறிய தண்ணீர் என் வயலில் இறங்கியது.

பஞ்சநதம் ஓடி வந்தார். "டீச்சர், அகிலாம்மா சார்பா உங்க மேல போலீஸ்ல எழுதிக் குடுக்க வேண்டி வரும்."

"குடுங்க. ஐயாவு மக காளியம்மாள்னு முழுசா எழுதிக் குடுங்க" என்றேன்.

நஷ்டம் தருகிறேன் என்று நீ எழுதியதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. நிலத்தையே திருப்பிக் கேட்டதைப் படித்ததும் எழுந்துபோய் மண்வெட்டியைத் தீட்டி வைத்தேன். அந்த நிலத்தில் முதல் ஏர் பூட்டிய அன்று உன் வீட்டு ஆட்கள் என் அப்பாவை அடித்த கதையை விடுதியில் உன்னிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாயே, அந்த அகிலா எங்கேயடி போனாள்?

வேர் நன்றாக நனைந்ததும் என் வயலை நானும் காயவிடப் போகிறேன். யாருக்கும் போட்டோ அனுப்ப மாட்டேன். இந்தப் பூமியில் நானும்தானே இருக்கிறேன்.

புகாருக்கும் உன் கையெழுத்து வேண்டும், வாய்க்காலுக்கும் உன் கையெழுத்து வேண்டும். எதில் போடுகிறாய் என்று பார்க்கிறேன். அதைத் தவிர நீ எனக்கு எழுத வேண்டியது எதுவும் இல்லை.

ஐயாவு மகள்,
காளியம்மாள்