கதவு மூடிவிட்டது

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய பழைய இரும்புக்காரர் நேற்றுக் காலை வந்தார். ஷெட்டில் நிற்கும் அப்பாவின் ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்க பையன் தூக்கிட்டுப் போகச் சொன்னாரும்மா. வீட்டையும் விக்கிறீங்களாமே?" என்றார். எனக்கே அது செய்திதான்.

அப்பா போன பிறகு நான் தனியாக இருப்பது உனக்குப் பயம். புரிகிறது. ஆனால் அப்பாவின் வண்டியை நானே பழுதுபார்ப்பதைச் சொன்னபோது, போனில், "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? கதவுகூட மூடலையே" என்று சிரித்தாய். உண்மைதான். கூரையில்லாத வண்டிக்குத் தரைதான் முதுகெலும்பு. குறுக்குக் கம்பி முட்டுக் கொடுக்காமலே துருப்பிடித்த தரையை அறுத்துவிட்டேன். வண்டி நடுவில் தொய்ந்து, கதவின் இடைவெளி குறுகிவிட்டது. அது தெரியாமல் புதுத் தகட்டையும் பற்றவைத்தேன்.

கணக்கின் மூன்றாம் வரியில் தப்புச் செய்துவிட்டு விடையை மட்டும் அடித்துத் திருத்தும் பிள்ளைகளை வகுப்பில் எவ்வளவு திட்டியிருப்பேன்! நானும் ஒரு வாரம் கதவைத்தான் அரத்தால் ராவிக்கொண்டிருந்தேன். பிறகு மூன்றாம் வரிக்கே போனேன். புதுத் தகட்டை அறுத்தெடுத்து, ஜாக்கியால் நடுவைத் தூக்கி, முட்டுக் கொடுத்து, மறுபடி பற்றவைத்தேன்.

இரும்புக்காரரைக் கதவைச் சாத்திப் பார்க்கச் சொன்னேன். ஒரு விரலால் தள்ளினார், மூடிக்கொண்டது.

"வெல்டிங் யாரும்மா?"

"நான்தான்."

"அப்ப நம்ம ஆளுங்களை அனுப்புறேன், நாலு அடி போட்டுச் சொல்லிக் குடுங்க," என்று வெறுங்கையோடு போய்விட்டார்.

வீட்டு விளம்பரத்தை இன்றே எடுத்துவிடு. உன் வீட்டில் எனக்கென்று ஒதுக்கிய அறையில் பேத்தி படிக்கட்டும். இஞ்சின் வேலை முடிந்ததும் நானே ஓட்டிவந்து இரண்டு நாள் தங்குவேன். கிளம்ப வசதியாக வண்டியைத் தெருவைப் பார்த்தே நிறுத்துவேன்.

உன் அம்மா