லாரி நின்ற விதம்

16 நவம்பர் 1993, செவ்வாய்

விடாத மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கால் வலி. பால் லேட், பேப்பர் வரவே இல்லை.

மரகதத்தின் புத்தகம் ஒருவழியாக முடிந்தது. பம்மல் தோல் கம்பெனிகளில் வேலை செய்த பெண்களின் வரலாறு. இதற்கு முன் எழுதியவை ஏரி, கோயில், பள்ளிக்கூடம் பற்றி. அப்போதெல்லாம் கல்லோடும் காகிதத்தோடும் தகராறு. இப்போது உயிரோடு இருப்பவர்களோடு.

அச்சகத்திலிருந்து மறுபடி ஆள். கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? மாட்டாள். யாரைப் பற்றி எழுதினாளோ அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படித்துக் காட்டிய பிறகுதான் அச்சு. மற்ற எல்லோருக்கும் ஆயிற்று. பவுனம்மாள் மட்டும் பாக்கி.

"ஸ்கூல்ல பரீட்சைப் பேப்பரை பிள்ளைங்ககிட்டயே குடுத்துத் திருத்தச் சொன்னியா?" என்றேன்.

"இது அவங்க வாழ்க்கைங்க. அவங்க திருத்தட்டும்."

ரிட்டயர்டு டீச்சருக்கு இருக்கும் திமிர் ரிட்டயர்டு ரயில்வே குமாஸ்தா புருஷனுக்கு ஏது?

வாங்க: பேட்டரி, கொசுவத்தி, ஸ்கூட்டருக்கு பிளக்.

18 நவ., வியாழன்

மழை விட்டது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பம்மல் வரை ரோடு என்று ஒன்று இல்லை, குழிகள்தான். பின்சீட்டில் ம., மடியில் பை. தெருவுக்குள் நுழைந்ததும் தோல் நாற்றம். நான் கைக்குட்டையை எடுத்தேன். ஒரு பார்வை. உள்ளே வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவள் மூக்கைப் பொத்தி நான் பார்த்ததில்லை.

பவுனம்மாளுக்கு அறுபது இருக்கும். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி தின்ற கைகள். ம. படித்தாள். வேலை நேரத்தில் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கக்கூட வெளியே விடாத கம்பெனி. பெண்கள் கேட்டில் உட்கார்ந்தார்கள். சரக்கு லாரி வந்தது. பவுனம்மாள் குழந்தையோடு அதன் முன்னால் போய் நின்றாள். லாரி எஞ்சின் பழுதாகி நின்றதால் பிழைத்தாள். அதற்குப் பிறகு பால் கொடுக்க நேரம் கிடைத்தது.

என்ன எழுத்து! அழவைக்கிற வார்த்தை ஒன்றுகூட இல்லை. உள்ளே வைத்த கைக்குட்டையை மறுபடி எடுத்தேன்.

பவுனம்மாள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "யாரு டீச்சர் அந்த செல்லம்மா?"

"நீங்கதான். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாதுன்னு பேரை மாத்தியிருக்கேன்."

"நின்னது நானு, பேரு அவளுக்கா? நல்லாக்கீதே! எம்பேரப் போடு."

ம. அங்கேயே பேனாவால் செல்லம்மாவை அடித்துவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் பின்சீட்டில் ஒரே சிரிப்பு.

20 நவ., சனி

தூறல். காலையில் பவுனம்மாளின் மகன் சேகர் வந்தான். தாம்பரத்தில் மெக்கானிக். வாசலிலேயே நின்றான். காபி வேண்டாம் என்றான்.

"எங்கம்மா பேரு புஸ்தகத்துல வரக்கூடாது சார். வந்தா எங்கப்பா யாருன்னு வெளியூர்க்காரனுக்கும் தெரிஞ்சிடும்."

"அப்பாவுக்கும் இதுக்கும் என்னப்பா?" என்று கேட்டாள் ம.

"அந்த லாரிய ஓட்டினவரே அவருதான்."

பம்மலில் எத்தனை வீடு, எத்தனை பேட்டி, எத்தனை கேஸட்! எல்லோரும் 'டிரைவர்' என்று மட்டும்தான் சொன்னார்கள். பவுனம்மாள் மனம் நோகக்கூடாது என்றுதான் இருக்கும்.

"அம்மா கையில இருந்த கொழந்த நான். பொண்டாட்டி புள்ள மேலயே லாரி ஏத்த வந்தவன் புள்ளன்னு கேட்டுக் கேட்டு வளந்தேன். இப்ப அவரு செத்துட்டாரு. நீங்க எழுதினா எந்திரிச்சி வந்து பதில் சொல்வாரா டீச்சர்?"

போய்விட்டான்.

நான் சுலபமான வழி சொன்னேன். செல்லம்மா என்றே போட்டுவிடு. "அவங்க கேட்டு வாங்கின பேருங்க. திருப்பிப் பிடுங்க நான் யாரு?" சாம்பாரில் உப்பில்லை. கடைசியில், "அவன் கேட்டது நியாயம். அந்த டிரைவர் யாருன்னு நான் ஒரு தடவைகூட கேக்கலையே" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்த் தூறலில் நனைந்த துணியைக் கொடியிலிருந்து எடுத்துப் போட்டேன்.

22 நவ., திங்கள்

அச்சகம். "ஒண்ணு குடுங்கம்மா, இல்ல அந்த அத்தியாயத்தையே தூக்கிடுங்க. மிஷின் சும்மா நிக்குது" என்றார் அச்சகத்துக்காரர். நானும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். தூக்கிவிடு, தலைவலி தீர்ந்தது.

"தூக்கிட்டா அவங்க அங்க நிக்கவே இல்லைன்னு ஆயிடுங்க."

வீட்டுக்கு வந்து பெரிய சண்டை. பிடிவாதக்காரி. யாருக்காக இந்த அலைச்சல் என்று கத்தினேன். அவள் டேப் ரெக்கார்டருக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டிருந்தாள்.

23 நவ., செவ்வாய்

வெயில். பம்மல். சேகரையும் இருக்கச் சொல்லியிருந்தாள். சுவரோரம் உர்ரென்று நின்றான்.

"அந்த டிரைவரைப் பத்திச் சொல்லுங்க, பவுனம்மா" என்றாள் ம.

பவுனம்மாள் மகனைப் பார்த்தாள். "எஞ்சின் நின்னுச்சின்னு எழுதிக்கிறியே, அது அவரு மொதலாளிகிட்ட சொன்ன பொய்யி. மொதலாளி ஜீப்புல நின்னுகினு 'ஏத்துடா, ஏத்துடா'ன்னு கத்தறாரு. இவரு பிரேக்க அமுக்கிட்டாரு. நெசத்தச் சொன்னா அன்னிக்கே வேல போயிருக்கும். வூட்டுக்கு வந்து, வாயத் தொறக்காதன்னு சத்தியம் வாங்கிகினாரு."

"அன்னிக்குப் படிச்சப்போ சொல்லலையே?"

"நீ டிரைவர்னுதானே எழுதின? எவனோ ஒருத்தன்னு போவட்டும்னு வுட்டேன். இவன் வந்து அவர இழுத்துட்டான்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" சேகர் சுவரை விட்டு முன்னால் வந்தான்.

"சின்னப்போ சொன்னா தெருவுல உளறிடுவ. வளந்தப்புறம் நீ அவரு மூஞ்சியவே பாக்கல. இப்போ அவரும் இல்ல, கம்பெனியும் மூடிட்டான். இன்னாத்துக்கு பயப்படணும்?"

சேகர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கே அச்சுக்குக் கொடுத்திருந்தால் பழுதான எஞ்சின் புத்தகத்தில் ஏறியிருக்கும். நான் அதற்குத்தான் அவசரப்பட்டேன். மனதுக்குள் இவளைக் கும்பிட்டேன். வாயால் சொல்லவில்லை. சொன்னால் பிடிக்க முடியாது.

25 நவ., வியாழன்

பிளக் மாற்றியாயிற்று. வண்டி சுமார்.

மறுபடி பம்மல், மறுபடி வாசிப்பு. புதிதாக எழுதிய இடம்: "லாரியை ஓட்டியவர் பவுனம்மாளின் கணவர் ஏழுமலை. முதலாளி ஏற்றச் சொன்னார். ஏழுமலை பிரேக் போட்டார்."

"இன்னொரு தபா, டீச்சர்" என்றான் சேகர். படித்தாள்.

"இன்னொரு தபா."

ம. தாளை அவனிடமே நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். குழாயடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெருவைப் பார்த்து நின்று, சத்தமாக, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.