பெரிய இடத்து மாப்பிள்ளையும் ஒரு பிராக்கெட்டும்

ஜனவரி 9

ஆபீசில் கல்யாணக் களை. பெரிய கம்பெனி ஒன்று புதிதாக ஒரு கணினி மொழியை வெளியிட்டிருக்கிறது. பெரிய இடத்து மாப்பிள்ளை! என்ன குணம், என்ன பழக்கம், யாருக்கும் தெரியாது. அப்பா பெயரே போதுமாம். மேலாளர் (என்னைவிடப் பத்து வயது சின்னவர், வாய் மட்டும் பத்து வயது பெரியது) "இனிமே எல்லாமே இதுதான் சார்" என்கிறார். போன மொழி வந்தபோதும் இதையேதான் சொன்னார். அதைக் கற்றுக்கொண்டதில் கொட்டிய முடி எனக்கு இன்னும் முளைக்கவில்லை.

பக்கத்து இருக்கைத் தாடிக்காரனுக்கும் (எனக்கு அவன் வெறும் தாடி) மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை.

ஜனவரி 10

எனக்கும் தாடிக்கும் ஒரு பழைய சண்டை உண்டு. கணினிக்கு எழுதும் நிரலில் ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் ஒரு பிராக்கெட் போட வேண்டும். அதே வரியின் கடைசியில் போடு என்பேன் நான். அடுத்த வரியில் தனியாகப் போடு என்பான் அவன். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான், எங்களுக்குத்தான் இல்லை. நான் டீ குடிக்க எழுந்தால் என் பிராக்கெட்டைக் கீழே இறக்கி வைத்துவிடுவான். அவன் எழுந்தால் நான் மேலே ஏற்றுவேன். அப்புறம் "காட்டுமிராண்டி", "கண்ணு தெரியாதவனே" என்று அரை மணி நேரம் ஓடும். ரத்தப் பரிசோதனை முடிவுகளை மருத்துவமனைகளுக்கு அனுப்பும் நிரலை இப்படித்தான் இருவரும் எழுதி முடித்தோம்.

புது மொழி என்ன செய்கிறது? சேமித்த மறுநொடி எல்லாப் பிராக்கெட்டையும் அதுவே ஒரே மாதிரி அடுக்கிவிடுகிறது. மாற்ற முடியாது. யாரைக் கேட்டு?

"வரிக் கடைசியிலதான்யா வைக்குது, உன் கட்சிதானே அது! அப்புறம் என்ன கோபம்?" என்கிறான் தாடி.

ஜெயித்தது நானில்லையே!

ஜனவரி 14

நிரலாளர்கள் கூடி வம்பளக்கும் இணையத் திண்ணை ஒன்று இருக்கிறது. அங்கே என் புனைபெயரில் மாப்பிள்ளையைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன். உதாரணத்துக்கு ஒரு துண்டு நிரல் வேண்டியிருந்தது. தாடி இந்த மொழியில் முதன்முதலாக எழுதி எனக்குப் பெருமையாய்க் காட்டிய எட்டு வரி கைவசம் இருந்தது. அதையே போட்டு, வரிக்கு வரி நக்கலடித்தேன். பெயர் போடவில்லை. நல்லவன் அல்லவா நான்!

ஊரே சிரிக்கிறது. ஒரு பிரகஸ்பதி மட்டும், "நீங்க அந்த எட்டு வரியைக் கணினியில ஓட்டிப் பார்த்தீங்களா?" என்று கேட்டிருக்கிறான்.

ஜனவரி 15

ஓட்டிப் பார்க்கவில்லை. அதற்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஜனவரி 22

கூட்டம். மேலாளர் என் பதிவைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். "வயித்தெரிச்சல் பிடிச்சவங்க எப்படியெல்லாம் எழுதறாங்க பாருங்க சார்" என்று என்னிடமே சொன்னார். எல்லோரும் அந்த எட்டு வரியைப் பார்த்துச் சிரித்தார்கள். தாடி சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரத்தப் பரிசோதனை நிரல் முழுவதையும் புது மொழியில் திரும்ப எழுத வேண்டுமாம். பொறுப்பு தாடிக்கு. நான் அவனுக்கு ஒத்தாசை.

வெளியே வந்ததும் கேட்டான்: "அந்த எட்டு வரி நான் எழுதினதுதானே? உன்கிட்ட மட்டும்தானே காட்டினேன்."

நான் ஏதோ உளறினேன்.

"மொழியைத் திட்டு, வேணாங்கல. என்னை ஏன்யா சந்தியில நிறுத்தின?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. யார் மேல்? அதைக் கேட்காதே.

பிப்ரவரி 3

வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையை வீட்டுக் கணினிக்குள் அழைத்தேன். தப்பாக ஒரு வரி அடித்தேன். மற்ற மொழிகள் மூஞ்சியில் அறைகிற மாதிரி சொல்லும். இது, "ஏதோ விட்டுப்போனதுபோல் தெரிகிறது, சேர்ந்து பார்ப்போமா?" என்கிறது. இத்தனை வருஷம் இயந்திரங்களிடம் திட்டு வாங்கிப் பழகியவன் நான். இந்த மரியாதையில்தான் உடம்பு பூராவும் எரிகிறது!

உபயோகிக்காத பெயர் ஒன்று நிரலில் கிடந்தாலும் ஓட மாட்டேன் என்கிறது. மனைவி எட்டிப் பார்த்தாள். "தேவையில்லாம சேர்த்து வச்சிருக்கறதைத் தூக்கிப் போடச் சொல்லுதா? ஏங்க, இதைப் பரண் பக்கமும் கொஞ்சம் அனுப்புங்களேன்."

மார்ச் 18

எழுதக் கை கூசுகிறது. மொழி நன்றாகத்தான் இருக்கிறது. பரிசோதனை நிரல் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, நான் எதிர்பார்த்த ஒரு இடத்திலும் கவிழவில்லை.

தாடி வேலை விஷயம் மட்டும் பேசுகிறான். "அந்தப் பகுதி முடிஞ்சுதா?" "முடிஞ்சுது." அவ்வளவுதான். எது அவன் எழுதியது, எது நான் எழுதியது என்று பார்த்தால் தெரிவதில்லை.

இன்று வேண்டுமென்றே பழைய நிரலைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு தடவை டீக்கு எழுந்து போனேன். திரும்பி வந்தால் பிராக்கெட்டெல்லாம் வைத்தது வைத்தபடி.

மே 6

பாவிகள்! பெரிய கம்பெனி மொழியைக் கைவிட்டுவிட்டது. "எங்கள் கவனத்தை வேறு திசையில் செலுத்த முடிவுசெய்துள்ளோம்" என்று நான்கே வரி அறிவிப்பு. பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஊரைக் காலி செய்துவிட்டுப் போன கதை. தாடி அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய நாலு மாச உழைப்பு. ஒரு போன் கூடவா பண்ணமாட்டானுங்க? என்ன திமிருடா இது!

இணையத் திண்ணையில் ஒரே கும்மாளம். இரங்கல் உரை நான்தான் எழுத வேண்டுமாம். எழுதினேன். கம்பெனியைப் பிடித்து உலுக்கினேன். "நீதானே முதல்ல சிரிச்சே?" என்று பாய்ந்தார்கள். ஆமாம், நான் சிரிக்கலாம், நான் ஊரான். பெற்றவன் கைவிடலாமா?

கடைசியில் இதையும் சேர்த்தேன்: அன்று நான் கேலி செய்த எட்டு வரி என் நண்பனுடையது. ஓட்டிப் பார்க்காமலே எழுதினேன். பிறகு ஓட்டினேன். அதில் ஒரு எழுத்துக்கூடக் கேலிக்குரியதில்லை. புனைபெயரை எடுத்துவிட்டுச் சொந்தப் பெயர் போட்டேன்.

மே 7

தாடி: "படிச்சேன்."

மே 12

பழைய மொழிக்கே திரும்புகிறோம். "இனிமே எல்லாமே பழசுதான் சார்" என்கிறார் மேலாளர், புதுசாகக் கண்டுபிடித்தவர்போல.

பழைய நிரலைத் திறந்து நாலு வரி சேர்த்துவிட்டு டீக்குப் போனேன். வந்து பார்த்தால் என் பிராக்கெட் ஒரு வரி கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. தாடி தன் திரையை மகா மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காட்டுமிராண்டி" என்றேன்.

"கண்ணு தெரியாதவனே, இப்பதான்யா பார்க்க லட்சணமா இருக்கு!"

சத்தம் கேட்டு மேலாளர் ஓடிவந்தார். "என்ன சார், என்ன ஆச்சு?" இருவரும் சேர்ந்து அவரைத் துரத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

பிராக்கெட்டை இன்னும் மேலே ஏற்றவில்லை. நாளைக்கு அவன் எழுந்து போகட்டும்.