இடது பித்தான்

சிந்தாதிரிப்பேட்டை
4-10-1996

ஜுவேரியா கண்ணுக்கு அத்தாவோட சலாம்.

மெட்ராஸைச் சென்னைன்னு மாத்திட்டாங்க. ஜூன் மாசமே அடைமழை கொட்டி, கூவம் நம்ம தெருமுனை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போச்சு. அதே வருஷத்துல, நான் ஆயுசு பூரா பேப்பர் வெட்டின பிரஸ்ஸுக்கு என் பொண்ணே குறை கண்டுபிடிக்க வர்றா. யார்கிட்ட சொன்னாலும் சிரிக்கிறாங்க.

ஆய்வு முடியிற வரைக்கும் நீ இந்த வீட்டுக்கு வரக்கூடாதுன்னு உன் தி. நகர் ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாமே. மாடியில குடியிருக்கிற தங்கவேல் அந்த பிரஸ்லதான் கட்டிங் மிஷின் ஓட்டுறான், அதனாலயாம். சரி. ஆனா எனக்கு எழுத்து தெரியாது. உன் லெட்டரைப் படிச்சுச் சொல்றவனும், நான் சொல்றதை எழுதுறவனும் அதே தங்கவேல்தான். இதுக்கு உங்க ஆபீஸ்ல இன்னா சட்டம் கீதுன்னு கேட்டுச் சொல்லு.

"கேப் அனாலிசிஸ்"னா இன்னான்னு இவன் கேக்குறான். பல்லுக்கு நடுவுல சந்து இருக்குமே, அதுமாதிரியாங்குறான். புரியிறாப்புல எழுது. மாப்பிள்ளைக்குச் சலாம் சொல்லு. கோட்டூர்புரத்துல தண்ணி வருதா?

உன் அத்தா,
குலாம் ரசூல்

(எழுதினது தங்கவேல். தங்கச்சி, மிஷினைத் துடைச்சு பளபளன்னு வச்சிருக்கோம், தைரியமா வாம்மா.)


கோட்டூர்புரம்
10-10-1996

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் சுகம். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. முட்டிவலிக்குக் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறீர்களா?

தங்கவேல் அண்ணன் சொன்ன பல்சந்து கிட்டத்தட்ட சரிதான். ஒரு வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது ஒரு பத்தி. இப்போது எப்படி நடக்கிறது என்பது அடுத்த பத்தி. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, அது ஏன் வந்தது என்று அதற்கடுத்து எழுதுவோம். எதை முதலில் சரிசெய்வது என்று அதை வைத்துத்தான் திட்டம் போடுவார்கள். வெளிநாட்டுக்கு நோட்டுப் புத்தகம் அனுப்ப ஒரு தரச் சான்றிதழ் தேவை. அதற்காகத்தான் முதலாளி ஸ்ரீநாத் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

அண்ணே, இனி வருவதை விடாமல் படியுங்கள். செவ்வாய்க்கிழமை பிரஸ்ஸுக்குச் சொல்லிவிட்டு வந்தேன், எல்லாம் ஒழுங்காக இருந்தது. புதன்கிழமை சொல்லாமல் வந்தேன். கட்டிங் மிஷினில் இரண்டு கையாலும் இரண்டு பித்தானை ஒன்றாக அழுத்தினால்தான் பிளேடு இறங்க வேண்டும், கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக. ஆனால் இடது பித்தான் மேலே எழும்பாதபடி ஒரு மரச்சில்லு செருகியிருந்தது. நீங்கள் வலது கையால் அழுத்துகிறீர்கள், இடது கை பிளேடுக்கு அடியில் பேப்பரைத் தட்டிக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்ததும் சில்லைப் பிடுங்கி, பாக்கு போடுவதுபோல வாயில் போட்டுக்கொண்டீர்கள்.

அத்தா, பிரஸ்ஸில் உங்களோடு வேலை பார்த்த ஹஸன் மாமா, உயிரோடு இருந்தவரை பெருநாளுக்கு நம் வீட்டுக்கு வந்தால் இடது கையைச் சட்டைப் பையைவிட்டு எடுக்கவே மாட்டாரே. அதே மிஷின்தானே?

மரச்சில்லு விஷயத்தை அறிக்கையில் எழுதாமல் விட என்னால் முடியாது. பெயர் போட மாட்டேன்.

உங்கள் மகள்,
ஜுவேரியா


சிந்தாதிரிப்பேட்டை
13-10-1996

ஜுவேரியா,

உன் லெட்டரைத் தங்கவேல் பாதியில நிறுத்திட்டான். "மீதி இன்னாடா"ன்னேன். "கண்ணு எரியுது மாமா"ன்னான். எழுந்துபோய்த் தண்ணி குடிச்சுட்டு வந்து முழுசும் படிச்சான். ஒரு வார்த்தை விடல, வாயில போட்டுக்கினதைக்கூட.

அதை எழுதாதே.

இது காலண்டர் சீசன். ஒரு நாளைக்கு இத்தனை கட்டு வெட்டணும்னு ஆபீஸ்ல கணக்கு போட்டு வச்சிருக்காங்க. ரெண்டு கையால அழுத்தினா அதுல பாதி தேறாது. பாதி வெட்டினவனை மறுநாள் கேட்லயே நிறுத்திடுவாங்க. இவனுக்கு ரெண்டு பொண்ணு, பெரியவளுக்குத் தை மாசம் கல்யாணம். பேர் போட மாட்டேன்னு பெருசா எழுதிட்டே. அந்த மிஷினை ஓட்டுறதே ஒருத்தன்தான். அப்புறம் பேர் எதுக்கு?

ஹஸன் தூங்கி விழுந்தான், விரல் போச்சு. அதையும் இதையும் முடிச்சுப் போடாதே.

நீ எழுதினா இந்த வீட்டு வாசப்படி ஏறாதே. இந்த வரியை எழுத மாட்டேன்னு தங்கவேல் பேனாவை மூடி வச்சுட்டான். "பொண்ணுகிட்ட இப்படியா பேசுவே, நாளைக்கு நீதான் மாமா அழுவே"ங்குறான். அதட்டித்தான் எழுத வச்சேன்.

குலாம் ரசூல்


கோட்டூர்புரம்
23-10-1996

அத்தாவுக்கு,

இதை உங்களுக்கு யார் படித்துச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. தங்கவேல் அண்ணன் படிப்பார் என்று நினைக்க எனக்குத் தகுதியில்லை.

எழுதிவிட்டேன். கட்டுக் கணக்கைக் குறைக்க வேண்டும், இன்னொரு மிஷின் வாங்க வேண்டும் என்பதை முதல் திட்டமாக வைத்தேன். 'காரணம்' என்ற பத்தியை மட்டும் நிர்வாகம் நிரப்ப வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். "தொழிலாளியின் அலட்சியம்" என்று நிரப்பி ஸ்ரீநாத் கையெழுத்துப் போட்டுவிட்டார். காரணம் அப்படி ஆனதும் திட்டமும் மாறிவிட்டது. மிஷின் கிடையாது. ஆளை நீக்குவதுதான் திட்டம். இப்போதைக்கு சஸ்பெண்ட்.

31ஆம் தேதி கடைசிக் கூட்டம். அந்தக் காரணம் தவறு என்று நான் சொல்லலாம், ஆனால் ஆதாரம் கேட்பார்கள். என் மேலதிகாரி, "பணம் கொடுக்கிறவங்க எழுதினதை நீ ஏம்மா கிளர்றே, விட்டுடு" என்கிறார். அந்தச் சில்லு எப்போது வந்தது என்று பிரஸ்ஸில் யாரைக் கேட்டாலும், "நாங்க வந்தப்பவே இருந்துச்சு மேடம்" என்கிறார்கள்.

உங்களுக்குத் தெரியும் அத்தா. ஹஸன் மாமா தூங்கவில்லை என்பதும் தெரியும். வாசப்படி ஏற மாட்டேன். பதில் மட்டும் போடுங்கள்.

ஜுவேரியா


சிந்தாதிரிப்பேட்டை
27-10-1996

ஜுவேரியாவுக்கு,

இதை எழுதுறது பக்கத்து வீட்டு ஜஹீதா, டெய்லர் சம்சாரம். தங்கவேல் கீழே இறங்கி வந்து பேசுறதில்ல. படிக்கட்டுல எதிரே பட்டா சுவத்தைப் பார்த்துக்கினு போறான். கல்யாணம் பேசின எடத்துல, "தையில வேணாம், அப்புறம் பார்த்துக்கலாம்"னு இழுக்குறாங்களாம். எனக்கு உன்மேல கோபம் போகல. அதை முதல்ல சொல்லிட்டேன்.

ஆனா, "அலட்சியம்"னு ஜஹீதா படிச்சதும் எனக்குச் சோறு இறங்கல. ஹஸனுக்கும் ஆபீஸ்ல அதே வார்த்தையைத்தான் எழுதினாங்க. தூங்கிட்டான்னு அவங்க சொன்னாங்க, நாங்களும் அதையே சொல்லிக்கினு திரிஞ்சோம். கடைசியில ஹஸனே, "ஆமாம்பா, கண் அசந்துட்டேன்"னு சொல்ல ஆரம்பிச்சுட்டான். பட்டப்பகல்ல, டீ குடிச்சுட்டு வந்து நின்னவன் எங்கேயிருந்து தூங்குவான்?

எழுதிக்கோ. கிரிக்கெட்டுல நம்மாளுங்க உலகக் கோப்பை ஜெயிச்ச வருஷம். உங்கம்மா குடத்தைத் தூக்கிக்கினு தண்ணி லாரி பின்னாடி ஓடின வருஷமும் அதுதான். பம்பாய்க்காரன் ஒருத்தன் காலண்டருக்கு ஆர்டர் குடுத்துட்டு, சொன்ன தேதியை முன்னாடி இழுத்துட்டான். ஆபீஸ் ஆளுங்களே மிஷின்கிட்ட வந்து நின்னாங்க. நான் ரெண்டு கையாலதான் அழுத்திக்கினு இருந்தேன். "இன்னா பாய், மேளமா வாசிக்கிறே, ரெண்டு கையும் போட்டு?"ன்னு ஒரு கிண்டல். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் இடது பித்தானை அடைச்சாங்க. அன்னிக்குச் சாயந்திரமே கட்டுக் கணக்கு ரெண்டு மடங்கு ஆச்சு. பம்பாய் ஆர்டர் போயும் அந்தக் கணக்கு இறங்கல. அதைப் பார்த்துத்தான் ஹஸன் வெட்டினான், அதைப் பார்த்துத்தான் தங்கவேல் வெட்டுறான். உன் பத்தியில எழுதவேண்டிய காரணம் இதுதான். வேற கிடையாது.

31ஆம் தேதி நான் பிரஸ் கேட்டுக்கு வரேன். என்னை உள்ளே கூட்டிக்கினு போனா உன் வேலைக்கு ஆபத்து வரலாம். மாப்பிள்ளைகிட்டயும் பேசிட்டு முடிவு பண்ணு. நீ கூப்பிடலன்னாலும் நான் கேட்ல நிப்பேன். மாடிப்படிக்குக் கீழே நின்னு இதைத் தங்கவேலுக்குக் கேக்குறாப்புல சத்தமா சொல்லிட்டேன். அவன் கதவு திறக்கல. ஆனா உள்ளே ஓடிக்கினு இருந்த ரேடியோவை நிறுத்தினான்.

உன் அத்தா,
குலாம் ரசூல்
(கைநாட்டு)

இன்னும் கொஞ்சம் எடம் கீதுன்னு ஜஹீதா சொல்றா. "கிழவர் வாய்க்கு வந்ததைச் சொல்றாருன்னு தள்ளிடுவாங்களே சாச்சா, வேற யாரு பார்த்தாங்க?"ன்னும் கேக்குறா. நியாயமான கேள்வி. அன்னிக்கு மிஷினைச் சுத்தி நின்னவங்களைச் சொல்றேன். ஃபோர்மேன் கபாலி, மஞ்சக்காமாலையில போயிட்டான். கட்டு எண்ணுற பீர் முஹம்மது, போன ரம்ஜானுக்கு முன்னாடி போனாரு. ஹஸனை நாமதான் கொண்டுபோய் அடக்கம் பண்ணோம். பெரிய முதலாளி படம் ஆபீஸ் சுவத்துல மாலையோட தொங்குது. என்னை விட்டா உசுரோட இருக்குற ஆள் ஒருத்தர்தான். அப்போ காலேஜ் முடிச்சு புதுசா வந்தவரு. பேப்பர் வந்த மரப்பெட்டியிலேருந்து ஒரு துண்டை உடைச்சு, பேனாக்கத்தியால அவரே சீவி, "இனிமே ஒரு கை போதும் பாய்"னு என் கையைத் தள்ளிட்டு இடது பித்தான்ல செருகினவரு. ஸ்ரீநாத்.