மீன் வறுக்க ஓர் இடம்

ஞாயிறு, இரவு.

ஊரில் வியாபாரம் படுத்துவிட்டது, என்ன செய்யலாம் என்று பேச நெரவியில் இன்று கூட்டம் போட்டார்கள். வெளியூர்க்காரர்கள் காரைக்காலுக்கு எதற்காக வருகிறார்கள் என்று கூட்டத்தை நடத்திய அதிகாரி கேட்டார். மலிவு விலை மது பாட்டிலுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆள் வராத மாவு மில்லை வைத்துக்கொண்டிருக்கும் நான் உட்பட யாரும் வாய் திறக்கவில்லை. மீன் விற்கும் மல்லிகா அக்காதான் எழுந்தார்.

"பாட்டில் வாங்க வர்றவன் வெறும் வயித்தோடதாங்க வர்றான். பஸ் ஸ்டாண்டுகிட்ட மீன் வறுத்துக் கொடுக்க எங்களுக்கு ஒரு எடம் கொடுங்க."

கூட்டமே சிரித்தது. அதிகாரி எழுதிக்கொண்டார்.

சாராயம் என்ற சொல்லையே வீட்டுக்குள் விடாத என் மனைவியிடம் தயங்கித்தான் இதைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அவங்களுக்கு மொளகாத்தூள் யாரு அரைச்சுக் கொடுக்கறதாம்?" என்றாள்.

மில்காரன் எனக்கு அது தோன்றவே இல்லை.