கலந்தாய்வு நடத்தப்பட்டது

அன்புள்ள மேயரம்மாவுக்கு,

நானும் மகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே குளிர் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஊருக்கே மேயர் மாதிரி அலைகிறாய் என்று நான் வைத்த பெயரிலேயே எழுதிப் பழகிவிட்டது. இன்று அது கேலிக்கு அல்ல. போனில் சொல்லத்தான் ஐந்து ஞாயிற்றுக்கிழமை முயன்றேன். உன் குரலைக் கேட்டதும் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். அதனால் காகிதம். புதன்கிழமைக்குள் சேர்ந்துவிடும் என்று கூரியர்க்காரர் சொன்னார். வெள்ளிக்கிழமை நீ மேடையேறுவதற்கு முன்னால் படித்துவிடு.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பிளம்பர் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் போன பிளம்பரைத் திட்டிவிட்டுப் போனார். போன தடவை வந்தவரும் அவர்தான். மகள் உன் துணி அலமாரியில் பாதியைப் பிடித்துக்கொண்டாள். என் சமையலுக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று பெயர் வைத்திருக்கிறாள். அந்தக் கேலியும் ஒரு மாதமாக இல்லை. என்னோடு அவள் சரியாகப் பேசுவதில்லை. காரணத்தை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கெஞ்சி வைத்திருக்கிறேன்.

எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. துணைத் தலைமைத் திட்ட அலுவலர். தனி அறை, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. வாழ்த்துச் சொல்ல அவசரப்படாதே.

சரக்கு நிலையத்துக்குப் பின்னால் இருந்த குடியிருப்பு இப்போது இல்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளையும் போன மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை இடிக்கத் தொடங்கினார்கள். மூன்றே நாளில் தரைமட்டம். அங்கே பேருந்து நிலையம் வரப்போகிறது. நீ ஆறு வருடம் வீடு வீடாக உட்கார்ந்து, எந்தச் சந்துகளை அகலப்படுத்தலாம், குழாய் எங்கே, குழந்தைகள் காப்பகம் எங்கே என்று அவர்கள் கையாலேயே வரைய வைத்த வரைபடம், என் மேஜையின் கீழ் இழுப்பறையில் சுருட்டியபடி கிடக்கிறது. குடும்பங்களைப் பதினான்கு கிலோமீட்டருக்கு அப்பால் அடுக்குமாடிகளில் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் போட்டார்கள். உன் தையல்காரம்மாவுக்கு ஐந்தாம் மாடி. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. அவருடைய மூன்று மெஷினில் ஒன்றுதான் மேலே ஏறியது. மற்ற இரண்டும் படிக்கட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. தைக்கக் கொடுக்க அங்கே ஆளும் இல்லை. அவருடைய வாடிக்கைக்காரர்கள் எல்லாம் ஆளுக்கொரு கட்டடத்தில்.

எல்லாம் எங்கள் தலைமைத் திட்ட அலுவலர் செய்தது என்று எழுதி முடித்துவிடலாம். பாதி உண்மையாகவும் இருக்கும். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் ஃபெலோஷிப்பிலிருந்து தொடங்க வேண்டும். இருபது வருடம் வேலை பார்த்துக் களைத்தவர்கள் பத்து மாதம் விலகி இருந்து படிக்கலாம், யோசிக்கலாம் என்று அறிவிப்பு வந்தபோது, உன் பெயரைப் பரிந்துரைத்தவர் எங்கள் தலைமை அலுவலர். எவ்வளவு பெரிய மனசு என்று நீ நெகிழ்ந்தாய். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட கையோடு அவர் என்னிடம், “உங்க வீட்டம்மா இங்க இருந்தா அந்த ஃபைல் ஒரு இஞ்சு நகராதுங்க. பத்து மாசம் நிம்மதியா படிச்சிட்டு வரட்டும்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அதே ஃபெலோஷிப்புக்கு இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் வருந்துகிறோம் என்று பதில் வாங்கியவன் நான். உனக்குக் கிடைத்தது தகுதிக்காக அல்ல, உன்னை இங்கிருந்து கிளப்பத்தான் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல் இருந்தது. அது பொய் என்றும் தெரியும். அவரால் பரிந்துரைக்கத்தான் முடியும். தேர்ந்தெடுத்தவர்கள் அவரை அறியாதவர்கள், உன் வேலையைப் பார்த்தவர்கள்.

நீங்கள் இல்லாதபோது இந்தப் பணியை யார் பார்த்துக்கொள்வார் என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. நீ யோசிக்கவே இல்லை. ‘நகரத் திட்ட அலுவலகத்தில் பணிபுரியும் என் கணவர்’ என்று எழுதினாய். பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தேன்.

நீ போன ஐந்தாம் மாதம் கோப்பு நகர்ந்தது. இடிப்பதற்கு முன்னால் குடியிருப்பவர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அறிவிப்பை எங்கள் அலுவலகப் பலகையில் ஒட்டினோம். அவர்கள் தெருவில் ஒட்டவில்லை. கூட்டம் வேலைநாளில், காலை பதினோரு மணிக்கு. வந்தவர்கள் ஒன்பது பேர். ஏழு பேர் எங்கள் ஊழியர்கள். எப்படியோ கேள்விப்பட்டு ஓடி வந்தவர்கள் தையல்காரம்மாவும் லாரி ஓட்டும் அவருடைய தம்பியும். வக்கீலைப் பார்த்தாகிவிட்டது, நாளைக்கே தடையுத்தரவுக்கு மனு போடப்போகிறோம் என்று தம்பி சத்தம் போட்டார். தையல்காரம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, “சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது அக்காவுக்குத் தெரியுமா?” என்றார்.

தலைமை அலுவலர் என்னைப் பார்த்தார்.

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

“அக்காவே சரின்னுட்டாங்கன்னா அப்புறம் நாம என்னத்த பேசறது” என்று தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்கள் மனு போடவில்லை. ‘கலந்தாய்வு நடத்தப்பட்டது. ஆட்சேபணை இல்லை’ என்று அன்று மாலையே கோப்பில் எழுதிக் கையெழுத்திட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

தையல்காரம்மா ஏன் போனே எடுப்பதில்லை என்று நீ கேட்டபோதெல்லாம், பள்ளிச் சீருடை தைக்கிற சமயம், கை ஒழியாது என்றேன். உண்மையில் உன்மேல் இருந்த கோபத்தில்தான் அவர் எடுக்கவில்லை.

இடித்த அன்று நம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அங்கே போயிருக்கிறாள். சனிக்கிழமைகளில் காப்பகத்துக் குழந்தைகளுக்கு அவள் படித்துக் காட்டுவாளே, அந்தப் புத்தகங்களை எடுக்க. ஷூவெல்லாம் புழுதியோடு வந்து, “அம்மாவுக்குத் தெரியுமாப்பா?” என்றாள். அதே கேள்வி. அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். தையல்காரம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுக்கவில்லையே. தேடிப் போய்ச் சொல்லிவிட்டாள்.

போன சனிக்கிழமை தையல்காரம்மா வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “மூணு மாசமா அக்காவ வாய்க்கு வந்தபடி திட்டிட்டிருந்தேன் சார். என்னைத் திட்ட வெச்சிட்டீங்களே” என்றார். உன்னிடம் நான் சொல்கிறேனா, அவர் சொல்லட்டுமா, வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

வீடுகள் திரும்ப வராது. ஆனால் கலந்தாய்வே பொய் என்று காட்ட முடிந்தால், அஸ்திவாரம் போடுவதற்கு முன் வேலையை நிறுத்தி, இடத்தையாவது கேட்டுப் பார்க்கலாம் என்று அவர்களுடைய வக்கீல் சொல்கிறாராம். சாட்சிதான் இல்லையாம். அந்த வக்கீலின் அலுவலக வாசல்வரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் படியேறாமல் திரும்பினேன். என் லட்சணம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஃபெலோஷிப் உரையில் அந்தக் குடியிருப்பின் படங்களை நீ காட்டுவதாகச் சொன்னாய். காட்டு, காட்டாதே என்று சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. தெரியாமல் போய் நிற்காதே, அவ்வளவுதான். தையல்காரம்மாவின் புது எண்ணைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். என்னை அப்புறம் கூப்பிடலாம், கூப்பிடாமலும் இருக்கலாம். முதலில் அவரிடம் பேசு.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோபத்தில் இதைக் கிழித்துவிடாதே. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் முழுப்பெயரும் பதவியும் தேதியும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். வக்கீலிடம் சேர்த்துவிடு. மகளின் அப்பா என்று பார்த்துத் தயங்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் கணவன்